ஆர்.சி. (ரேடியோ கட்டுப்பாட்டு) கார் பந்தய மோட்டார்: தேர்வு முதல் டைமிங் வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பந்தயப் பாதைக்குப் புதிதாக வருபவர்கள் டயரைப் பற்றியோ சஸ்பென்ஷனைப் பற்றியோ கேட்பது குறைவு. எல்லோரும் முதலில் கேட்பது மோட்டாரைத்தான். பல ஆண்டுகளாகப் பாதையோரத்தில் கார்களைச் சீர்செய்யும் மேசைகளைச் சுற்றி நின்று பதில் சொல்லிப் பழகியவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் 1/10 அளவு மின்சாரக் கார், 540 அளவு மோட்டார், இரண்டு செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி ஆகியவற்றை மனத்தில் வைத்தே பேசுகிறேன்.

முதல் பந்தய மோட்டாராக எதை வாங்குவது?

முதலில் நீங்கள் கலந்துகொள்ளப் போகும் பிரிவின் விதிகளைப் படியுங்கள். எத்தனை டர்ன் (மோட்டாருக்குள் கம்பி சுற்றிய எண்ணிக்கை), எத்தனை செல், அனுமதிக்கப்பட்ட மோட்டார்ப் பட்டியல் உண்டா என்ற மூன்றும் தெரியாமல் எதையும் வாங்க வேண்டாம். விதி இடம் கொடுத்தால் 17.5 அல்லது 21.5 டர்ன் மோட்டாரில் தொடங்குங்கள்.

இதில் என் கருத்து உறுதியானது, காரணத்தைக் கணக்காகவே சொல்கிறேன். ஒரு சுற்றுக்கு 20 வினாடி ஆகும் பாதையில் 5 நிமிடப் பந்தயம் என்றால் மொத்தம் 15 சுற்று. வேகமான மோட்டார் சுற்றுக்கு 0.2 வினாடி மிச்சப்படுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். முழுப் பந்தயத்திலும் கிடைப்பது 3 வினாடி. கார் ஒரே ஒரு முறை கவிழ்ந்து, யாராவது ஓடிவந்து நிமிர்த்தி வைத்தால் அந்த 3 வினாடியும் போய்விடும். த்ராட்டிலை (வேக விசையை) அஞ்சாமல் அழுத்த முடிகிற மோட்டார்தான் உங்களுக்கு வேகமான மோட்டார்.

17.5, 13.5 என்ற எண்கள் எதைக் குறிக்கின்றன?

மோட்டாரின் அசையாத உள்பாகமான ஸ்டேட்டரின் பல்லைச் சுற்றிக் கம்பி எத்தனை முறை சுற்றப்பட்டிருக்கிறது என்பதைக் குறிக்கின்றன. கம்பி ஒரு முனையில் நுழைந்து எதிர் முனையில் வெளியேறுவதால் அந்த அரைச் சுற்று வருகிறது. டர்ன் கூடினால் வேகம் குறையும், ஒவ்வொரு ஆம்பியருக்கும் கிடைக்கும் முறுக்குவிசை கூடும். டர்ன் குறைந்தால் நேர்மாறு.

கட்டுப்பாடுள்ள பிரிவுகளில் 25.5, 21.5, 17.5, 13.5, 10.5 ஆகியவைதான் வழக்கம். அதற்குக் கீழே போனால் ‘மாடிஃபைடு’ என்னும் திறந்த பிரிவு, அங்கே 4.5, 5.5 டர்ன் மோட்டார்கள் சாதாரணம். உரசும் கரித்துண்டுகள் (ப்ரஷ்) வழியே மின்சாரம் பாயும் பழைய ப்ரஷ் மோட்டார் காலத்தில் 27 டர்ன் இருந்த இடத்துக்கு 17.5 வந்தது, 19 டர்ன் இருந்த இடத்துக்கு 13.5 வந்தது. எனவே பழைய ஆட்கள் ‘27 டர்ன் ஸ்டாக்’ என்று பேசுவதையும் இன்றைய 17.5 பிரிவையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கலாம். எண் மட்டும் ஒத்துப்போகாது.

கேவி (KV) என்றால் என்ன? கேவி அதிகமிருந்தால் நல்லதுதானே?

சுமை ஏதுமின்றி ஒரு வோல்ட்டுக்கு மோட்டார் நிமிடத்துக்கு எத்தனை சுழற்சி சுற்றும் என்பதே கேவி. 2200 கேவி மோட்டாருக்கு 7.4 வோல்ட் கொடுத்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 16,300 சுழற்சி. அவ்வளவுதான் அது சொல்லும் செய்தி. அது வலிமையின் அளவு அல்ல. கேவி கூடக் கூட, அதே முறுக்குவிசைக்கு அதிக ஆம்பியர் வேண்டும். அந்த ஆம்பியரை பேட்டரி தர வேண்டும், பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் வேகக் கட்டுப்படுத்தி தாங்க வேண்டும், சாலிடர் இணைப்புகள் கடத்த வேண்டும். கேவியை மட்டும் பார்த்து வாங்கியவர்களுடைய மோட்டாரைவிட வேகக் கட்டுப்படுத்திகள் முதலில் எரிந்துபோனதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

சென்சார் உள்ளதா, இல்லாததா?

பந்தயத்துக்குச் சென்சார் உள்ளதே. மோட்டாரின் சுழலும் காந்தமான ரோட்டர் இப்போது எந்த நிலையில் நிற்கிறது என்பதை, காந்தத்தை உணரும் மூன்று ஹால் சென்சார்கள் வேகக் கட்டுப்படுத்திக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். சென்சார் இல்லாத மோட்டாரில், சுழலும் காந்தம் கம்பிச்சுருளில் உண்டாக்கும் மின்னழுத்தத்தை வைத்து நிலையை ஊகிக்க வேண்டும். மிகக் குறைந்த வேகத்தில் அந்த மின்னழுத்தம் போதாது. அதனால்தான் புறப்படும்போது கார் திக்கித் திணறி உதறுகிறது. இறுக்கமான வளைவில் மெதுவாகத் த்ராட்டில் கொடுத்து வெளியே வர வேண்டிய பந்தயத்தில் அந்த உதறல் ஒவ்வொரு சுற்றிலும் நேரத்தைத் தின்னும். மண் பாதையில் ஓடும் 1/8 அளவுப் பெரிய பக்கி கார்களில் நான்கு செல் பேட்டரியோடு சென்சார் இல்லாதவையும் நன்றாகவே ஓடுகின்றன; அங்கே கதை வேறு.

ப்ரஷ் மோட்டாரை இன்னும் பயன்படுத்தலாமா?

பழைய கார்ப் பிரிவிலும் வெள்ளி நிறக் கூடுள்ள 540 மோட்டார் மட்டுமே என்ற பிரிவிலும் தாராளமாக. புதியதை நேரடியாகப் பாதையில் இறக்காமல், குறைந்த வோல்ட்டில், ஏறத்தாழ 3 வோல்ட்டில், சுமையின்றிச் சில நிமிடம் ஓடவிடுங்கள். ப்ரஷ்ஷின் முகம், அது உரசும் சுழலும் தாமிர உருளையான கம்யூட்டேட்டரின் வளைவுக்கு ஏற்பத் தேய்ந்து படிய வேண்டும். படியாத ப்ரஷ் பொறி கக்கும். பொறி கம்யூட்டேட்டரைக் கறுக்கச் செய்யும். கறுத்த கம்யூட்டேட்டர் மேலும் பொறி கக்கும்.

கியர் விகிதத்தை எப்படிக் கணக்கிடுவது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

மோட்டாரின் அச்சில் மாட்டுவது பினியன். அது சுழற்றும் பெரிய சக்கரம் ஸ்பர். ஸ்பர் பற்களைப் பினியன் பற்களால் வகுத்து, காரின் உள்விகிதத்தால் பெருக்கினால் இறுதி விகிதம் கிடைக்கும். ஸ்பருக்கும் ஓடும் சக்கரத்துக்கும் இடையிலுள்ள விகிதமே உள்விகிதம்; அது காரின் கையேட்டில் இருக்கும். பக்கி ஒன்றில் ஸ்பர் 72, பினியன் 24, உள்விகிதம் 2.6 என்றால், 3 × 2.6 = 7.8. அதாவது மோட்டார் 7.8 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும்.

தார்ச் சாலை அல்லது கம்பளப் பாதையில் ஓடும் டூரிங் காருக்கு டயர் விட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்பர் 96, பினியன் 48, உள்விகிதம் 1.9 என்றால் இறுதி விகிதம் 3.8. டயர் 63 மில்லிமீட்டர் என்றால் அதன் சுற்றளவு ஏறத்தாழ 198. அதை 3.8-ஆல் வகுத்தால் 52 மில்லிமீட்டர்; மோட்டார் ஒரு முறை சுற்றினால் கார் அவ்வளவு நகர்கிறது. இதைத்தான் ‘ரோல்அவுட்’ என்கிறார்கள். தேய்ந்து சிறுத்துப்போகும் நுரை டயரில் ஓடுபவர்களுக்கு இது இல்லாமல் முடியாது. டயர் சிறுத்தால் பினியனை மாற்றாமலேயே கியர் மாறிவிடுகிறது.

இங்கே பலர் தவறவிடும் ஒன்று: ‘ஒரு பல் ஏற்று’ என்ற அறிவுரைக்கு எல்லாக் காரிலும் ஒரே பொருள் இல்லை. அந்த டூரிங் காரில் 48-ஐ 49 ஆக்கினால் மாற்றம் சுமார் 2 சதவீதம். பக்கியில் 24-ஐ 25 ஆக்கினால் சுமார் 4 சதவீதம். பக்கிக்காரர் ஒரு பல் ஏற்றும்போது டூரிங்காரர் இரண்டு பல் ஏற்றிய விளைவைப் பெறுகிறார். ஆகவே பல்லைப் பேசாதீர்கள், விகிதத்தைப் பேசுங்கள்.

பெரிய பினியன் போட்டால் கார் வேகமாகப் போகாதா?

ஒரு எல்லை வரை போகும். அதன்பின் மெதுவாகும், சூடேறும். மோட்டார் தன் சுமையற்ற வேகத்தில் பாதியில் சுழலும்போது அதிகபட்ச ஆற்றலைத் தருகிறது. ஆனால் அந்த நிலையில் உள்ளே போகும் மின்சாரத்தில் சரிபாதி வெப்பமாகத்தான் வெளியேறுகிறது. பினியன் மிகப் பெரிதானால் மோட்டார் மேல்வேகத்தை எட்டவே முடியாமல் கீழ்ப்பாதியிலேயே உழன்றுகொண்டிருக்கும். கம்பியின் வெப்பம் ஆம்பியரின் வர்க்கத்தில் ஏறும்: ஆம்பியர் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்கு.

சரியான பினியனைக் காது சொல்லும். நீண்ட நேர்ப்பாதையின் முக்கால் பகுதியைக் கடக்கும்போது மோட்டாரின் ஒலி ஏறிக்கொண்டே வந்து, பிரேக் பிடிக்கும் இடத்துக்குச் சற்று முன்னால் சமநிலைக்கு வர வேண்டும். நேர்ப்பாதையின் நடுவிலேயே ஒலி ஒரே சுருதியில் நின்றுவிட்டால் பினியன் சிறிது. முடிவு வரை ஏறிக்கொண்டே, வளைவிலிருந்து வெளியே வரும்போது முனகினால் பெரிது.

டைமிங் என்றால் உண்மையில் என்ன?

ஊஞ்சலைத் தள்ளுபவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஊஞ்சல் மெதுவாக ஆடும்போது அது கைக்கு வந்தபின் தள்ளினால் போதும். வேகம் கூடிவிட்டால் அது வந்து சேருமுன்பே கையை நீட்டத் தொடங்க வேண்டும். இல்லையென்றால் தள்ளல் பின்தங்கிவிடும்.

கம்பிச்சுருளிலும் அதே நிலைதான். மின்சாரம் பாய்ந்தவுடன் முழு அளவை எட்டிவிடாது. சுருளின் தூண்டல் அதைத் தாமதப்படுத்தும். இரண்டு துருவ ரோட்டர் நிமிடத்துக்கு 30,000 சுழற்சியில் ஓடினால் ஒரு சுழற்சிக்கு 2 மில்லிவினாடி. அதற்குள் ஆறு முறை மின்சாரம் இடம் மாற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மில்லிவினாடியில் மூன்றிலொரு பங்குதான். எனவே சற்று முன்னதாகவே அடுத்த சுருளுக்கு மின்சாரத்தைத் திருப்புகிறோம். எவ்வளவு முன்னதாக என்பதைப் பாகையில் சொல்வதே டைமிங்.

டைமிங்கை ஏற்றினால் மேல்வேகம் கூடும். விலையாக, கீழ்வேகத்தில் இழுவை குறையும், ஆம்பியர் கூடும், சூடும் கூடும். ஆகவே டைமிங் ஏற்றும்போது பினியனைச் சிறிதாக்கிப் பார்க்க வேண்டும். பினியனை அப்படியே விட்டு டைமிங்கை மட்டும் 10 பாகை ஏற்றுவது, ஒரே நேரத்தில் இரண்டு வகையில் மோட்டாரை வதைப்பதாகும். நீளமான நேர்ப்பாதை உள்ள பெரிய பாதையில் கூடுதல் டைமிங்கும் சிறிய பினியனும் நன்றாக வேலை செய்யும். குறுகிய, வளைவு நிறைந்த பாதையில் நான் டைமிங்கைக் குறைத்து, அதனால் மிஞ்சும் வெப்ப இடைவெளியைப் பினியனுக்குக் கொடுப்பேன்.

மோட்டாரின் பின்மூடியில் அச்சிட்டிருக்கும் பாகைக் கோடுகளை அப்படியே நம்ப வேண்டாம். சென்சார்ப் பலகை உள்ளே எப்படி அமர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து, ஒரே கோட்டில் வைத்த இரண்டு மோட்டார்கள் வேறு வேறு டைமிங்கில் ஓடும். சுமையின்றி ஓடவிட்டு ஆம்பியரை அளந்துகொண்டே டைமிங்கைச் சிறிது சிறிதாக ஏற்றுங்கள். முதலில் ஆம்பியர் நிதானமாக ஏறும், ஓரிடத்தில் சட்டென்று எகிறும். அந்த இடத்துக்கு முன்பே நிறுத்திக்கொள்வது என் வழக்கம். ஒரு பந்தயம் நன்றாக ஓடியது என்றால் அந்த நிலையை நுண்முனைப் பேனாவால் கூட்டிலும் மூடியிலும் சேர்த்து ஒரு கோடாகக் குறித்துவிடுங்கள். கழற்றிப் பூட்டிய பிறகு அந்தக் கோடு உங்களுக்குச் சோறு போடும்.

‘பிளிங்கி’, ‘பூஸ்ட்’, ‘டர்போ’ என்கிறார்களே?

பூஸ்ட், டர்போ இரண்டும் வேகக் கட்டுப்படுத்தி தன் மென்பொருளால் சேர்க்கும் டைமிங். பூஸ்ட் சுழற்சிவேகம் ஏற ஏறச் சேரும். டர்போ, த்ராட்டிலை முழுதாக அழுத்திய பிறகு குறித்த தாமதத்துக்குப் பின் சேரும். இவை இரண்டையும் அறவே நிறுத்திய நிலைதான் பிளிங்கி. விதியைக் கடைப்பிடிக்கிறீர்கள் என்பதை அதிகாரிகள் பார்த்துத் தெரிந்துகொள்ள வேகக் கட்டுப்படுத்தியின் விளக்கு மின்னிக்கொண்டிருக்கும், பெயரும் அதனால் வந்தது. பிளிங்கியில் மோட்டாரின் பின்மூடியில் வைக்கும் டைமிங் மட்டுமே கணக்கு. பூஸ்ட் அனுமதிக்கும் பிரிவில் பின்மூடி டைமிங்கைக் கணிசமாகக் குறைத்துவிட்டுத் தொடங்குங்கள். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடும்.

மோட்டார் எவ்வளவு சூடாகலாம்?

ஓடி முடித்தவுடன் கூட்டில் 70 முதல் 75 பாகை செல்சியஸ் என்றால் எனக்கு நிம்மதி. 80-ஐத் தாண்டினால் ஒரு பல் இறக்குவேன். அதற்கு மேலும் ஓட்டுபவர்கள் உண்டு. நான் ஓட்டமாட்டேன், காரணம் இதுதான்: தாமிரத்தின் மின்தடை ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் ஏறும். 60 பாகை சூடேறினால் கம்பியின் தடை கிட்டத்தட்ட கால் பங்கு கூடிவிடும். அதே வேளையில் ரோட்டரின் நியோடிமியம் காந்தம் பாகைக்கு ஏறத்தாழ 0.1 சதவீதம் வலுவிழக்கும். காந்தம் வலுவிழந்தால் அதே இழுவைக்கு அதிக ஆம்பியர் வேண்டும். அதிக ஆம்பியர் மேலும் சூடாக்கும். கடைசி ஒரு நிமிடத்தில் கார் சோர்ந்துபோவதற்கு பேட்டரியைப் பழிப்பார்கள். பெரும்பாலும் குற்றவாளி இந்தச் சுழல்தான். குளிர்ந்தால் காந்தம் மீளும். ஆனால் அதன் தாங்கும் எல்லையைத் தாண்டிவிட்டால் இழந்த வலுவில் ஒரு பகுதி நிரந்தரமாகத் திரும்பாது. அதற்குப் பிறகு அந்த மோட்டார் சுமையின்றி முன்பைவிட வேகமாகச் சுழலும்; ‘நன்றாக இளகிவிட்டது’ என்று மகிழ்வார்கள். பாதையில் இழுவை இருக்காது.

அளக்கும் முறையிலும் கவனம் வேண்டும். அகச்சிவப்பு வெப்பமானி பளபளக்கும் அலுமினியத்தில் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். ஒரு பருப்பளவு கறுப்பு டேப்பைக் கூட்டில் ஒட்டி, ஒவ்வொரு முறையும் அதையே அளக்கவும். ஓட்டம் முடிந்த கையோடு அளக்கவும். காரைத் தூக்கிக்கொண்டு நண்பரோடு இரண்டு நிமிடம் பேசிவிட்டு வந்தால் உள்ளிருக்கும் சூடு வெளியே கசிந்து வேறோர் எண்ணைக் காட்டும்.

வேறு ரோட்டர் மாற்றினால் என்ன கிடைக்கும்?

விதி அனுமதிக்கிறதா என்று முதலில் பார்க்கவும். பல பிரிவுகளில் விட்டத்துக்கு வரம்பு உண்டு. வலுவான காந்தம் இழுவையைக் கூட்டி மேல்வேகத்தைக் குறைக்கும், வலுக்குறைந்தது நேர்மாறு. ஆனால் ரோட்டரைத் தொடுவது கடைசி வேலை. கியரையும் டைமிங்கையும் முடித்தவர்களுக்கு மட்டுமே அதன் வேறுபாடு தெரியும்.

மோட்டார் ஓட்டத்தின் நடுவே திக்குகிறது. போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. முதலில் சென்சார்க் கம்பியை மாற்றிப் பாருங்கள். ஆறு மெல்லிய இழைகள் கொண்ட அந்தக் கம்பிதான் காரிலேயே மிகவும் நொய்ந்த பாகம். செருகியின் கழுத்தில் மடங்கி உள்ளே ஓர் இழை அறுந்திருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. பந்தயத்துக்குப் போகும்போது என் பெட்டியில் எப்போதும் இரண்டு உதிரிக் கம்பி இருக்கும்.

அடுத்து மூன்று தடித்த இணைப்புகள். ஏ, பி, சி என்ற மூன்றையும் அதே எழுத்துக்கு அதே எழுத்தாக இணைக்க வேண்டும். சென்சார் இல்லாத மோட்டாரில் இரண்டை மாற்றினால் சுழலும் திசை மாறும், அவ்வளவுதான். சென்சார் உள்ளதில் மாற்றினால் மோட்டார் உதறும், சூடேறும், எரியவும் கூடும். சாலிடர் உருகி, கம்பி இழைகளுக்குள் ஊறி, ஆறும்போது மினுமினுப்பாக நிற்க வேண்டும். மங்கிய உருண்டையாக மேலே உட்கார்ந்திருந்தால் உள்ளே ஒட்டவில்லை என்று பொருள். வலுக்குறைந்த சாலிடர்க் கோலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடிப்பதைவிட, 60 வாட் கோலை மூன்று நான்கு வினாடி வைப்பது மோட்டாருக்கு நல்லது.

பொருத்தும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

திருகின் நீளத்தை. 540 மோட்டாரைப் பிடிப்பவை 3 மில்லிமீட்டர் திருகுகள், 25 மில்லிமீட்டர் இடைவெளியில். எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஒரு திருகு தொலைந்துபோக, பெட்டியிலிருந்த சற்று நீளமான ஒன்றைப் போட்டு இறுக்கினேன். இறுக்கும்போது கடைசித் திருப்பலில் லேசாகத் தட்டுப்பட்டதைப் பொருட்படுத்தவில்லை. த்ராட்டில் தொட்டதும் வார்னிஷ் கருகும் வாடை வந்தது. கழற்றிப் பார்த்தால் திருகின் முனை சுருளின் மேல்கம்பியைச் சுரண்டி, ஊசிமுனை அளவுக்குத் தாமிரம் மின்னிக்கொண்டிருந்தது. ஒரு வாரம்கூட ஆகாத மோட்டார் அது. அன்றிலிருந்து, திருகைப் போடுமுன் தகட்டின் தடிமனைக் கழித்து, உள்ளே எவ்வளவு நீளும் என்று பார்த்துவிட்டுத்தான் போடுகிறேன்.

பல்லிடுக்குக்கு, மெல்லிய தாள் துண்டு ஒன்றைப் பினியனுக்கும் ஸ்பருக்கும் இடையே வைத்து நெருக்கி, மோட்டாரை இறுக்கி, பிறகு தாளை உருட்டி எடுங்கள். ஸ்பரை ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்த்து, எங்கும் இறுகாமல் இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். பிட்ச், மாட்யூல் இரண்டும் பல்லின் அளவைச் சொல்லும் வேறு வேறு முறைகள்; 48 பிட்ச் பல்லும் 0.6 மாட்யூல் பல்லும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். சேர்த்தால் ஸ்பர் சில நிமிடங்களில் தேய்ந்துவிடும்.

பராமரிப்பு?

பேரிங்கில் ஒரு துளி மெல்லிய எண்ணெய், அதிகம் வேண்டாம். மண் பாதையில் ஓடினால் அடிக்கடி திறந்து, ரோட்டரில் ஒட்டிய இரும்புத் தூளை ஒட்டும் டேப்பால் எடுக்கவும். காற்றடித்தால் போகாது, காந்தம் விடாது.

ஒரே மோட்டார், ஒரே கியர். நண்பரின் கார் மட்டும் நேர்ப்பாதையில் என்னை முந்துகிறதே?

மோட்டாருக்கு மோட்டார் சிறு வேறுபாடு உண்டு, ஆனால் அதைக் கடைசியாகச் சந்தேகியுங்கள். பினியனைக் கழற்றிவிட்டு ஸ்பரை விரலால் சுண்டிவிடுங்கள். இருவர் காரிலும் எவ்வளவு நேரம் தானே சுற்றுகிறது என்று ஒப்பிடுங்கள். துருப்பிடித்த ஒரு பேரிங், மிக இறுகிய பெல்ட், உரசும் அச்சு ஆகியவை தின்பதை எந்த டைமிங்காலும் ஈடுகட்ட முடியாது. பிறகு பேட்டரி இணைப்பைத் தொட்டுப் பாருங்கள்: ஓட்டத்துக்குப் பின் அது கையைச் சுடுகிறது என்றால் வோல்ட் அங்கே தொலைகிறது. கடைசியாக ஒன்று. வளைவிலிருந்து அவர் எங்கே த்ராட்டில் கொடுக்கத் தொடங்குகிறார் என்று பக்கத்தில் நின்று கவனியுங்கள். அவர் அரை மீட்டர் முன்பே கொடுத்துவிட்டால் நேர்ப்பாதை முழுவதும் அவர் முன்னால்தான் இருப்பார். அப்படி முன்பே கொடுக்க அவருடைய பின்டயர்கள் பிடித்து நிற்கின்றன என்றால், நீங்கள் அடுத்துத் தொட வேண்டியது டயரும் சஸ்பென்ஷனும்தான். மோட்டாரை இருக்கும் நிலையிலேயே விட்டுவிடுங்கள்.